டெமி 1/8 அளவில் பிடிஎஃப்: திரையில் சரியாக இருக்கும் பக்கம் அச்சகத்தில் ஏ4 ஆவது ஏன்?

வாசகர்_வட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூலாக அச்சிட இருக்கிறோம். நூலின் அளவு டெமி 1/8, அதாவது அகலம் 5.5 அங்குலம், உயரம் 8.5 அங்குலம் என்று முடிவாகியிருக்கிறது. கட்டுரைகள் பலரிடமிருந்து வேர்டு கோப்புகளாக வந்தன. அவற்றை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ஒரே கோப்பாகச் சேர்த்து, பிழை திருத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பு ஏ4 பக்கத்தில், 12 பாயிண்ட் எழுத்தில் இருக்கிறது.

இதிலிருந்து டெமி அளவில் பிடிஎஃப் எடுப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டு பார்த்தேன். முதல் வழியில், ஏ4 பக்கத்தின் ஓரங்களைப் பெரிதாக்கி, எழுத்துப் பகுதியை டெமி அளவுக்குள் அடக்கி, பிடிஎஃப் எடுத்து, பிறகு ஒரு பிடிஎஃப் மென்பொருளின் கிராப் கருவியால் சுற்றியிருந்த வெள்ளைப் பகுதியை நீக்கினேன். திரையில் பக்கம் மிகச் சரியாக 5.5 × 8.5 என்றே காட்டுகிறது. ஆனால் அச்சகத்தில் திறந்தபோது எல்லாப் பக்கங்களும் ஏ4 அளவில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வழியில், ரைட்டரிலேயே பக்க அளவை மாற்றிவிட்டு, அச்சிடு கட்டளையில் பிடிஎஃப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஏ4 தாளின் ஒரு மூலையில் டெமி பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது போல வருகிறது. அதோடு, நடுவில் சில கட்டுரைகள் மட்டும் பக்க அளவு மாறாமல் முழு ஏ4 ஆகவே நிற்கின்றன.

எந்த இடத்தில் அளவைக் கொடுத்தால் அது பிடிஎஃப் கோப்பிலும் அச்சகத்திலும் மாறாமல் இருக்கும்? இதற்கெல்லாம் மாற்றாக, பழைய ஏ4 பிடிஎஃப் கோப்பையே டெமி அளவுக்குச் சுருக்கிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிவருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பக்கவடிவம் எழுதியது:

வணக்கம். முதல் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் அதுதான். பிடிஎஃப் கோப்பில் ஒரு பக்கத்துக்கு ஒரேயோர் அளவுதான் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து எல்லைகள் வரை குறித்து வைக்கலாம். மீடியா பாக்ஸ் என்பது பக்கத்தின் முழுப் பரப்பு. இது கட்டாயம் இருந்தாக வேண்டும். கிராப் பாக்ஸ் என்பது அந்தப் பரப்பில் எந்தப் பகுதியைத் திரையில் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வது. டிரிம் பாக்ஸ் என்பது அச்சாகி வெட்டிய பிறகு கையில் கிடைக்கும் நூலின் அளவு. பிளீட் பாக்ஸ் என்பது வெட்டுக்கு வெளியே கூடுதலாக விடும் பகுதியையும் சேர்த்த அளவு. ஆர்ட் பாக்ஸ் என்று ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. நூல் வேலையில் அதை நீங்கள் மறந்துவிடலாம்.

கிராப் பாக்ஸ் குறிக்கப்படாவிட்டால் மீடியா பாக்ஸே கிராப் பாக்ஸாகக் கொள்ளப்படும். மற்ற மூன்றும் குறிக்கப்படாவிட்டால் அவை கிராப் பாக்ஸின் அளவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கிராப் கருவியைப் பயன்படுத்தியபோது மாறியது கிராப் பாக்ஸ் மட்டுமே. மீடியா பாக்ஸ் 595 × 842 பாயிண்ட் (ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்) என்ற ஏ4 அளவிலேயே அப்படியே இருக்கிறது. உங்கள் திரையில் கோப்பைக் காட்டும் மென்பொருள் கிராப் பாக்ஸைப் பார்த்து 5.5 × 8.5 என்று சொல்கிறது. அச்சகத்தில் பக்கங்களைத் தாளில் அடுக்கும் மென்பொருள் மீடியா பாக்ஸைப் பார்த்து ஏ4 என்று சொல்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிராப் செய்து மறைத்த பகுதியில் இருந்த எழுத்தோ படமோ கோப்பிலிருந்து அழிந்துவிடுவதில்லை, கிராப் பாக்ஸைப் பழையபடி விரித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆகவே பிறர் பார்க்கக்கூடாத தொலைபேசி எண், கையெழுத்து போன்றவற்றை மறைப்பதற்குக் கிராப் கருவியை ஒருபோதும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது வழியில் நடந்தது வேறு. அச்சிடு என்ற கட்டளையைக் கொடுக்கும்போது ரைட்டர் தானே பிடிஎஃப் கோப்பை எழுதுவதில்லை. பிரிண்டர் என்ற பெயரில் கணினியில் இருக்கும் ஒரு டிரைவர் மென்பொருளிடம் பக்கங்களைக் கொடுத்துவிடுகிறது. அந்த டிரைவருக்குத் தெரிந்த தாள்களின் பட்டியலில் ஏ4, ஏ5, லெட்டர், லீகல் போன்றவை இருக்கும், டெமி இருக்காது. எனவே அது தன்னிடம் இருக்கும் ஏ4 தாளில் உங்கள் பக்கத்தை வைத்து அனுப்புகிறது. அளவை நாமே தீர்மானிக்கும் எந்தக் கோப்புக்கும் பிரிண்டர் வழியாகப் பிடிஎஃப் எடுப்பது உகந்ததன்று. ரைட்டரில் ஃபைல் பட்டியலில் உள்ள எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் கட்டளையையும், வேர்டில் சேவ் ஆஸ் வழியாகப் பிடிஎஃப் வகையையும் பயன்படுத்த வேண்டும். அப்போது ஆவணத்தில் கொடுத்த பக்க அளவே மீடியா பாக்ஸாக எழுதப்படும்.

சில கட்டுரைகள் மட்டும் ஏ4 ஆக நிற்பதற்குக் காரணம் ரைட்டரின் பக்கப் பாணிகள், அதாவது பக்க அளவு, ஓரம் போன்றவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைக்கும் அமைப்புகள். ரைட்டரில் பக்க அளவு ஆவணத்துக்கு உரியதன்று, பக்கப் பாணிக்கு உரியது. நீங்கள் ஃபார்மேட் பட்டியலில் பேஜ் ஸ்டைல் என்பதைத் திறந்து அளவை மாற்றும்போது, அந்த நேரத்தில் கர்சர் நிற்கும் பக்கத்தின் பாணி மட்டுமே மாறுகிறது. வேர்டிலிருந்து வந்த கோப்புகளில் செக்‌ஷன் பிரேக் என்ற பகுதி பிரிக்கும் குறி இருந்தால், ரைட்டர் அவை ஒவ்வொன்றுக்கும் கன்வெர்ட்டட்1, கன்வெர்ட்டட்2 என்பது போன்ற பெயர்களில் தனித்தனிப் பாணிகளை உருவாக்கி வைத்திருக்கும். எஃப்11 விசையை அழுத்தி, பக்கப் பாணிகளின் பட்டியலில் பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் காட்டச் செய்து பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொரு பாணியிலும் அளவை மாற்ற வேண்டும். இதைவிடத் தூய்மையான வழி, கட்டுரைகளை வடிவமைப்பு இல்லாத வெறும் உரையாகப் புதிய கோப்பு ஒன்றில் ஒட்டி, அங்கே முதலில் பக்க அளவையும் பிறகு எழுத்துருவையும் அமைப்பது. பல கைகளிலிருந்து வந்த கட்டுரைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் பரிந்துரைப்பேன், சாய்வெழுத்தையும் அடிக்குறிப்புகளையும் மீண்டும் போட வேண்டிவரும் என்றாலும்.

ஏ4 கோப்பைச் சுருக்குவது பற்றி: கூடாது. ஏ4 பக்கத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1 : 1.414, டெமி 1/8 பக்கத்தின் விகிதம் ஏறத்தாழ 1 : 1.545. அகலத்தைப் பொருத்தி 210 மி.மீ. என்பதை 140 மி.மீ. ஆகச் சுருக்கினால் உயரம் 198 மி.மீ. தான் வரும், 216 மி.மீ. பக்கத்தில் 18 மி.மீ. வெறுமையாகக் கிடக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 12 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்ட் ஆகிவிடும். கொம்பும் சுழியும் மேற்புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்தை அந்த அளவில் தொடர்ந்து இருநூறு பக்கம் படிக்கச் சொல்வது வாசகருக்குத் தண்டனை.

ஆஃப்செட்_மேசை எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. அச்சகத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

டெமி 1/8 என்று சொன்னவுடன் எல்லோரும் ஒரே அளவை நினைப்பதில்லை. பழைய ஆங்கிலேயக் கணக்கில் டெமி தாள் 17.5 × 22.5 அங்குலம். அதை எட்டாக மடித்தால் ஒரு பக்கம் 5.625 × 8.75 அங்குலம் வரும். தைத்தோ ஒட்டியோ முடித்த பிறகு மூன்று பக்கமும் வெட்டினால் 5.5 × 8.5 அங்குலத்துக்கு அருகில் வந்து நிற்கும். சிலர் அதை 140 × 216 மி.மீ. என்பார்கள், சிலர் 138 × 216 என்பார்கள், சிலர் 14 × 21.5 செ.மீ. என்பார்கள். கிரவுன் 1/8 அளவிலும் இதே கதைதான்: தாள் 15 × 20 அங்குலம், மடித்தால் 5 × 7.5, வெட்டிய பிறகு அதற்கும் சற்றுக் குறைவு. ஆகவே பிடிஎஃப் எடுப்பதற்கு முன்பு உங்கள் அச்சகத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "வெட்டிய பிறகு நூலின் அளவு எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான். அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும் உள்ள பக்கங்களில் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் அட்டையில் அது பளிச்சென்று தெரியும்.

அடுத்தது பிளீடு. பக்கத்தின் விளிம்பு வரை படமோ நிறமோ வரும் இடங்களில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதலாக அது நீண்டிருக்க வேண்டும். தாள் வெட்டும்போது கத்தி நூலளவு நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. 140 × 216 மி.மீ. நூலுக்குப் பிளீடு சேர்த்த பக்கம் 146 × 222 மி.மீ. ஆகும். இங்கேதான் டிரிம் பாக்ஸின் பயன் வருகிறது: மீடியா பாக்ஸும் பிளீட் பாக்ஸும் 146 × 222, டிரிம் பாக்ஸ் அதற்குள் நடுவில் 140 × 216. அச்சுக்கு உரிய பிடிஎஃப்/எக்ஸ் தரத்தில் டிரிம் பாக்ஸோ ஆர்ட் பாக்ஸோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

உங்கள் நூலின் உள்பக்கங்கள் எழுத்து மட்டுமே என்றால் பிளீடு தேவையில்லை. ரைட்டரிலிருந்து 140 × 216 அளவில் நேராக எடுத்த பிடிஎஃப் போதும். அட்டைக்கு ரைட்டர் ஏற்றதன்று. ஸ்கிரைபஸ் அல்லது இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பிளீடு 3 மி.மீ. என்று கொடுத்து, பிடிஎஃப் எடுக்கும்போதும் அந்தப் பிளீடைச் சேர்க்குமாறு குறித்துவிட வேண்டும். ஆவணத்தில் பிளீடு இருந்தும் ஏற்றுமதி செய்யும்போது அந்தக் குறியை விட்டுவிட்டு அனுப்பும் கோப்புகள் எங்கள் மேசைக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன.

டெக்_விரும்பி எழுதியது:

இதே வேலையை லேட்டெக்கில், அதாவது கட்டளைகளை எழுதிப் பக்கங்களை அமைக்கும் மென்பொருளில், செய்ய நினைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ஜியோமெட்ரி என்ற தொகுப்பில் பேப்பர்விட்த், பேப்பர்ஹைட் என்ற இரண்டு மதிப்புகளைக் கொடுத்தால் எந்த அளவுப் பக்கத்தையும் உருவாக்கலாம். தமிழுக்கு அதன் வகைகளான ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக் பயன்படுத்துவது நல்லது. கவனிக்க வேண்டியது அலகு. பிடிஎஃப் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆனால் லேட்டெக்குக்கு அடிப்படையான டெக்கின் பாயிண்ட் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27. பிடிஎஃப் கோப்பின் விவரப் பகுதியில் 396 × 612 என்று பார்த்துவிட்டு அதே எண்களை டெக்கில் பாயிண்ட் அலகில் கொடுத்தால் பக்கத்தின் அகலம் 139.7 மி.மீ. என்பதற்குப் பதிலாக 139.2 மி.மீ. தான் வரும். டெக்கில் இதற்காகவே பெரிய பாயிண்ட் என்ற தனி அலகு இருக்கிறது. அதைவிட எளிது, எல்லா அளவுகளையும் மில்லிமீட்டரிலேயே கொடுத்துவிடுவது.

வலைப்பக்கத்திலிருந்து குரோம் உலாவி வழியாகப் பிடிஎஃப் எடுப்பவர்கள், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பேஜ் என்ற விதிக்குள் சைஸ் என்ற பண்புக்கு அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதலாம்.

சுவரொட்டி எழுதியது:

இந்தத் திரியை ஒட்டியே ஒரு கேள்வி. ஊர்த் திருவிழாவுக்கு 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஃபிளக்ஸ் பேனர் ஒன்று வடிவமைக்கிறேன். வடிவமைப்பு மென்பொருளில் 240 × 120 அங்குலம் என்று கொடுத்தால், எடுக்கும் பிடிஎஃப் ஒரு கணினியில் திறக்கிறது, இன்னொன்றில் வெற்றுப் பக்கமாக வருகிறது. பிடிஎஃப் பக்கத்தின் அளவுக்கு ஏதேனும் உச்ச வரம்பு இருக்கிறதா?

பக்கவடிவம் எழுதியது:

இருக்கிறது. அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட்டின் நடைமுறை வரம்பில் ஒரு பக்கம் எந்தத் திசையிலும் 14,400 அலகுகளைத் தாண்டக்கூடாது. ஓர் அலகு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால் அது 200 அங்குலம், அதாவது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் பேனர் 240 அங்குலம். பிடிஎஃப் 1.6 பதிப்பிலிருந்து யூசர் யூனிட் என்ற ஒன்றைச் சேர்த்து, ஓர் அலகின் அளவையே பெரிதாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். ஆனால் அதை எல்லா மென்பொருள்களும் மதிப்பதில்லை. மதிக்காத மென்பொருளில் பக்கம் சிறிதாகத் தோன்றும்.

ஆகவே ஃபிளக்ஸ் வேலையில் அதை நம்பாமல், பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 24 × 12 அங்குலத்தில் வடிவமைத்து, கோப்பின் பெயரிலேயே "1:10 அளவு, இறுதி அளவு 20 × 10 அடி" என்று எழுதி அனுப்புங்கள். படங்களின் துல்லியத்தை மட்டும் அதற்கேற்பப் பெருக்க வேண்டும்: முழு அளவில் அங்குலத்துக்கு 72 பிக்சல் போதும் என்று அச்சிடுபவர் சொன்னால், உங்கள் சிறிய பக்கத்தில் அது 720 ஆக இருக்க வேண்டும். ஓரத்தில் மடித்து ஒட்டவும் கயிறு கட்டும் கண்ணி போடவும் விடும் இடத்தையும் இதே கணக்கில் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாசகர்_வட்டம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தில் கேட்டதில் வெட்டிய அளவு 140 × 216 மி.மீ. என்றார்கள். கட்டுரைகளைப் புதிய கோப்பில் வெறும் உரையாக ஒட்டி, அந்த அளவிலேயே பக்கப் பாணியை அமைத்து, எழுத்தை 11 பாயிண்ட் ஆக வைத்து, நேரடியாக எக்ஸ்போர்ட் செய்தேன். இப்போது எல்லாப் பக்கங்களும் அச்சகத்திலும் அதே அளவில் திறக்கின்றன.

இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அமைத்திருக்கிறேன். ரைட்டரில் அது சரியாக இருக்கிறது. ஆனால் பிடிஎஃப் கோப்பில் இடையிலுள்ள வெற்றுப் பக்கங்களைக் காணவில்லை. சில இடங்களில் பக்க எண் 14 இல்லாமல் 13-க்கு அடுத்து நேராக 15 வருகிறது. இரண்டாவது, அட்டைக்கான பிடிஎஃப் பக்கத்தை எந்த அளவில் அமைப்பது? முன்னட்டை, பின்னட்டை, முதுகு மூன்றையும் ஒரே பக்கமாகக் கேட்கிறார்கள்.

ஆஃப்செட்_மேசை எழுதியது:

வெற்றுப் பக்கங்களை அவசியம் சேர்த்தே அனுப்புங்கள். நாங்கள் பக்கங்களை ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் தொகுதிகளாக, அடுக்கும்போது கோப்பிலுள்ள வரிசையைத்தான் பின்பற்றுவோம். ஒரு வெற்றுப் பக்கம் விடுபட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா ஒற்றைப்படைப் பக்கங்களும் இடப்பக்கத்துக்குப் போய்விடும். முதுகோரம் வெளியோரமாகவும் வெளியோரம் முதுகோரமாகவும் மாறி, எழுத்து பைண்டிங்குக்குள் புதைந்துவிடும்.

அட்டையின் அகலம் என்பது பின்னட்டை, முதுகு, முன்னட்டை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையோடு இரு பக்கப் பிளீடும் சேர்ந்தது. முதுகின் அகலத்தைத் தாளின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. 200 பக்கம் என்றால் 100 தாள். நீங்கள் தேர்ந்தெடுத்த தாள் 0.1 மி.மீ. தடிமன் என்று அச்சகம் சொன்னால் முதுகு 10 மி.மீ. ஆகும். அப்படியானால் வெட்டிய அட்டை 140 + 10 + 140, அதாவது 290 × 216 மி.மீ.; பிளீடு சேர்த்த பிடிஎஃப் பக்கம் 296 × 222 மி.மீ. அட்டைக்கு மடிப்பு இதழ் வைப்பதாக இருந்தால் அதன் அகலத்தையும் இரு பக்கமும் கூட்ட வேண்டும். தாள் எது என்று முடிவாகும் முன் அட்டையை வடிவமைக்கத் தொடங்க வேண்டாம். தாளின் எடையை மட்டும் வைத்துத் தடிமனைக் கணக்கிடவும் வேண்டாம். ஒரே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) உள்ள இரு வகைத் தாள்கள் வெவ்வேறு தடிமனில் இருக்கும்.

பக்கவடிவம் எழுதியது:

வெற்றுப் பக்கங்களுக்கான தீர்வு ரைட்டரிலேயே இருக்கிறது. வலப்பக்கத்தில் தொடங்குவதற்காக ரைட்டர் தானாகச் செருகும் பக்கங்களைப் பிடிஎஃப் எடுக்கும்போது அது இயல்பாக விட்டுவிடும். எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் உரையாடல் பெட்டியின் ஜெனரல் தாவலில், தானாகச் செருகிய வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய் என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. அதைக் குறித்துவிட்டு எடுத்தால் 14-ஆம் பக்கம் வெற்றாக இருந்தாலும் கோப்பில் இடம்பெறும்.

அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கங்களின் அளவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். லினக்ஸில் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்போடு வரும் பிடிஎஃப்இன்ஃபோ கட்டளைக்கு முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் கொடுத்து, பாக்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து எல்லைகளும் பாயிண்ட் கணக்கில் வரிசையாக வரும். 140 × 216 மி.மீ. பக்கத்துக்கு மீடியா பாக்ஸ் ஏறத்தாழ 396.85 × 612.28 என்று இருக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் சிறு வேறுபாடு இருந்தால் அது மென்பொருள் எண்ணை முழுமைப்படுத்தியதன் விளைவு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பட்டியலில் எங்காவது 595 அல்லது 842 தென்பட்டால், அந்தப் பக்கத்தின் பாணி இன்னும் ஏ4 ஆக இருக்கிறது என்று பொருள்.